கறுப்புத் தகட்டில் பொட்டு

விஜயதசமி காலை ஸஹானா வீட்டுக்குப் போனபோது, அவள் அம்மா பூஜையிலிருந்து எடுத்த எங்கள் இரண்டு ஃப்ளாப்பிகளையும் தாம்பாளத்தில் வைத்து நீட்டினார். மேலே சந்தனமோ குங்குமமோ இல்லை. அப்பாடா என்றிருந்தது.

ஸஹானாவும் நானும் எம்.சி.ஏ. மூன்றாம் வருஷம். ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குப் படுக்கை ஒதுக்கும் எங்கள் பிராஜெக்ட் முழுவதும் அந்த இரண்டில்தான் இருந்தது. ஒன்று அசல், ஒன்று நகல். கல்லூரி லேபில் வைரஸ் புகுந்து, போன வாரம்தான் எல்லாக் கம்ப்யூட்டரிலும் இருந்ததை அடியோடு அழித்திருந்தார்கள். மறுநாள் டெமோ. வெளியிலிருந்து தேர்வாளர் வருகிறார். ஓட்டிக் காட்டாவிட்டால் ஒரு வருஷம் போச்சு.

"நேத்து புஸ்தகத்தோட இதையும் வெச்சேன்டி ரெனிட்டா. பொட்டும் இட்டாச்சு," என்றார் மாமி பெருமையாக.

"எங்க மாமி? காணமே?"

"மேல இட்டு என்ன பிரயோஜனம்? உள்ள இருக்கற கறுப்புத் தகட்டுலதான் எல்லாம் இருக்குன்னு அன்னிக்கு ஸஹானா மூடியைத் தள்ளிக் காட்டினாளே. அதுலதான் இட்டேன்."

தகர மூடியை நகர்த்தினேன். தகட்டின் மேல் சந்தனம், அதன் நடுவில் குங்குமம். இரண்டிலும். மாமி பாரபட்சமே பார்க்கவில்லை.

ஸஹானா அம்மாவை வாய்க்கு வந்தபடி ஏசினாள். நான் இரண்டையும் பையில் போட்டுக்கொண்டேன்.

லீவு நாளில் லேப் ஏது? கச்சேரி ரோட்டில் கம்ப்யூட்டரை மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் கரீமுல்லா பாயின் மாடிக்கு ஓடினோம். மாமியும் மூச்சிரைக்கப் பின்னாலேயே வந்தார். ஏ.சி. அறை என்பதால் செருப்பைக் கழற்றிவிட்டு நாங்கள் இருவரும் உள்ளே போனோம்.

"இத்த டிரைவ்ல போடாதம்மா. அத்த படிக்கிற ஹெட்டு போச்சுன்னா நான் இன்னா பண்றது?" என்றார் பாய். நான் அழ ஆரம்பித்ததும் பஞ்சையும் ஸ்பிரிட்டையும் எடுத்து வைத்தார். "நல்லா தொடச்சிட்டுப் போடு. நான் பாக்கல."

முதல் ஃப்ளாப்பியை ஸஹானா துடைத்தாள். கோபத்தில் அழுத்திவிட்டாள். டிரைவ் கரகரவென்று அரைத்தது. படிக்க முடியவில்லை என்று திரையில் வந்தது. அவள் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

இன்னொன்றுதான் மிச்சம். நானே எடுத்தேன். நானும் அழுத்திவிடுவேனோ என்று பயந்து, பஞ்சின் நுனியால் மட்டும் தொட்டுத் தொட்டு எடுத்தேன். காய்ந்த சந்தனம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. லேசான சிவப்புக் கறை மட்டும் போகவேயில்லை. எங்கள் புரோகிராம் அந்தக் கறைக்கு அடியில்தான் இருந்தால்? லஸ் சர்ச் மாதாவே, காப்பாத்து என்றேன். சரஸ்வதியையும் விடவில்லை; அவளுக்காக இட்ட பொட்டுதானே.

ஃப்ளாப்பியைச் செருகி, எல்லாவற்றையும் பாயின் கம்ப்யூட்டருக்கு நகலெடுக்கக் கட்டளை கொடுத்தேன். கோப்புகளின் பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரையில் ஏறின. கடைசிக் கோப்பில் நின்றது. படுக்கை ஒதுக்கும் வேலையைச் செய்வதே அதுதான். டிரைவ் மறுபடி அரைத்தது. திரும்ப முயலவா என்று கேட்டது. முயன்றேன். மறுபடி கேட்டது. பாய் எழுந்து வந்து என் பின்னால் நின்றார். இன்னொரு தடவை அரைத்தால் வெளியே எடுக்கச் சொல்லிவிடுவார். கண்ணை மூடிக்கொண்டு விசையைத் தட்டினேன்.

சத்தம் நின்றது. கண்ணைத் திறக்க எனக்குத் தைரியமில்லை.

"வந்துடுச்சிம்மா," என்றார் பாய்.

ஸஹானா என்னைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோதுதான் மாமி இன்னும் உள்ளே வராதது உறைத்தது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், பொட்டு இட்ட வலது கையைப் புடவைத் தலைப்பில் இறுக்கிச் சுற்றிக்கொண்டு நின்றிருந்தார். நான் போய்க் கதவைத் திறந்தேன்.

"கீழே குழாயில கையை நன்னா அலம்பிண்டு வந்துட்டேன்டி," என்றார் என் முகத்தைப் பார்க்காமல். "உள்ள வரலாமா?"