முப்பத்தேழாவது படம்

சுவிஸ், வின்டர்தூர் வாழ் தமிழ்ப் பெருமக்கள் அனைவருக்குமான அதிமுக்கிய அறிவித்தல்: ஸ்கேனர் மூடியின் உட்புறத்தில் இருக்கும் வெள்ளைத் தகட்டைக் கழற்றாமல் நெகட்டிவை ஸ்கேன் பண்ணினால் படம் வராது. கறுப்புத்தான் வரும். எத்தனை தரம் செய்தாலும் கறுப்புத்தான் வரும்.

இந்த மாபெரும் உண்மையைக் கண்டுபிடிக்க லக்சாயினிக்கு இரண்டரை மணித்தியாலம் பிடித்தது. தகட்டை இழுத்துக் கழற்றியபோது மூடிக்குள் ஒளிந்திருந்த விளக்குத் தெரிந்தது. போன வருடம் ஓய்வுபெற்ற கையோடு அவளுடைய அப்பா குகநாதன் வாங்கிய ஸ்கேனர். முப்பது வருடப் படங்களையும் கம்பியூட்டரில் ஏற்றப்போகிறேன் என்று சொல்லி வாங்கினார். பெட்டியைப் பிரிக்கும் முன்பே வருத்தம் வந்துவிட்டது. நேற்றுக் காலை ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். ஸ்கேனர் கண்ணாடியில் ஒட்டியிருந்த நீலப் பாதுகாப்புத் தாளை மகள்தான் உரித்தாள்.

செத்தவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. அதனால் குசினி மேசை ஸ்கேனருக்குக் கிடைத்தது. மேல் மாடி மேர்சி அக்கா கொண்டுவந்து வைத்த தேத்தண்ணிப் போத்தல்களுக்கும் இடியப்பப் பெட்டிக்கும் நடுவே அது உறுமிக்கொண்டிருந்தது.

நேரம் பன்னிரண்டே கால். நாலு மணிக்குள் ஓர்லிகோன் அச்சகத்துக்கு அப்பாவின் படம் ஒன்று போயாகவேண்டும். மரண அறிவித்தலுக்கு ஒன்று, சனிக்கிழமை சவப்பெட்டிக்குப் பக்கத்தில் வைக்கப் பெரிதாக ஒன்று.

அப்பாவின் படம்தான் இல்லை.

கிழமை நாட்களில் அவர் ஓர் உணவகக் குசினியில் வேலை செய்தார். சனி ஞாயிறில் சுவிஸின் பாதித் தமிழ்ச் சனத்துக்குக் கலியாணப் படம் எடுத்தார். எல்லோரையும் எடுத்த மனிதரை எடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. கைத்தொலைபேசி வந்த பிறகும், "குடுங்கோ, நான் எடுக்கிறன்" என்று அதை வாங்கிக்கொண்டு பின்னால் போய்விடுவார். கடைசி எட்டு மாதப் படங்கள் உண்டு. எல்லாவற்றிலும் மூக்கில் குழாய்.

"அந்த முகம் வேண்டாம், பிள்ளை. அது அவர் இல்லை" என்று அம்மா தில்லைநாயகி காலையிலேயே சொல்லிவிட்டாள். வதிவிடப் பெர்மிட் அட்டைக்கு எடுத்த படத்தை லக்சாயினி தேடிக் கொடுத்தாள். "களவெடுத்துப் பிடிபட்ட ஆள் மாதிரிக் கிடக்கு" என்று அம்மா அதையும் தள்ளிவிட்டாள்.

வரவேற்பறைச் சோபாவில் தமிழ்ச் சங்கத் தலைவர் பேரின்பநாதன் அமர்ந்திருந்தார். யாரும் கேட்காமலேயே அறிவித்தல் எழுதும் பொறுப்பை அவர் ஏற்றிருந்தார். இதுவரை எழுதியதில் குகநாதனின் பெயர் ஒரு தரமும் தலைவரின் பெயர் மூன்று தரமும் வந்திருந்தன.

"பிள்ளை, பேருக்கு முன்னால 'ஒளிக்கலைச் செம்மல்' எண்டு போடுறம். சங்கம் குடுத்த பட்டம்."

"எப்ப குடுத்தது, மாமா?"

"இப்பதான்."

அவள் குசினிக்குத் திரும்பிப்போக முயன்றாள். அவர் விடவில்லை.

"படத்துக்கு ஏன் இப்பிடி மினக்கெடுறாய்? நான் அவருக்குப் பொன்னாடை போர்த்தேக்க எடுத்த படம் கிடக்கெல்லே." போனை நீட்டினார். படத்தில் தலைவர் முப்பத்திரண்டு பல்லும் தெரியக் கமராவைப் பார்த்துக்கொண்டிருந்தார். விரிந்த பொன்னாடைக்குப் பின்னால் அப்பாவின் இடது காது இருந்தது.

"ஆரெண்டு விளங்குதுதானே?"

"ஓம் மாமா. நீங்கள் நல்லா விளங்குறியள்."

நிலக்கீழ்க் கெல்லரிலிருந்து தூக்கிவந்த கோப்புகள் குசினித் தரையில் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் அப்பாவின் கையெழுத்தில் வருடம், உள்ளே ஒவ்வொரு கலியாணத்துக்கும் மாப்பிள்ளை, பொம்பிளை, ஊர், மாதம். நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் எல்லோருக்கும் தலை நரைத்திருந்தது, பல் கறுத்திருந்தது. மாப்பிள்ளை யார், அப்பா யார் என்று எப்படித் தெரியும்? நாற்பத்தொரு கோப்பு. ஒரு தரத்தில் ஒரு துண்டு பிலிம்தான் ஸ்கேனரில் வைக்கலாம். அதற்குப் பதினைந்து நிமிடம்.

வெறும் கோப்பைகளோடு அம்மா உள்ளே வந்தாள். கழுவத் தொடங்கியவள் திரும்பாமலே சொன்னாள்.

"நான் ஒருக்கா எடுத்தனான்."

"என்னத்தை?"

"அவரை. அந்தக் கமராவால."

லக்சாயினி எழுந்து தண்ணீர்க் குழாயைப் பூட்டினாள்.

"முப்பத்தாறு படப் பிலிமெல்லே. சிலதில முப்பத்தேழும் விழும். கலியாணத்தில முடியாட்டி வீட்டை வந்து முடிப்பார். திங்கள் காலமை வேலைக்குப் போற வழியில கழுவக் குடுக்கவேணும். 'அசையாதை, இதை முடிச்சிடுறன்' எண்டுவார். அப்பிடி ஒருநாள் நான் பறிச்சு அவரை ஒண்டு அடிச்சன். வெள்ளைச் சேட்டு. வடிவா நிண்டவர், வாயெல்லாம் பல்லா."

"எந்த வருசம்?"

"நீ வயித்தில. வெளியில ஸ்னோ கொட்டுது."

அவள் வைகாசியில் பிறந்தவள். ஸ்னோ என்றால் மார்கழி, தை, மாசி. மார்கழியில் எந்தத் தமிழனும் தாலி கட்டமாட்டான். மிச்சம் இரண்டு மாதம், ஒன்பது கலியாணம். ஒவ்வொன்றிலும் கடைசி ரோலின் கடைசித் துண்டு.

முதல் துண்டில் யாரோ கேக் வெட்டினார்கள். அடுத்த படத்திலும் அதே கேக். பிறகு மண்டப வாசலில் காருக்கு ரிப்பன் கட்டினார்கள். கடைசியில், ஒரு பழைய குசினியில் அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முதுகு மட்டும்.

இரண்டாவதில் மணமக்கள் கையசைத்தார்கள். அதற்குப் பிறகு அம்மா உடுப்பு மடித்தாள். மூன்றாவதில் துப்புரவு வேலைக்குப் போடும் நீல மேலங்கியோடு கதிரையில் இருந்தபடி நித்திரை. நான்காவதில் தலை இழுத்து வாரினாள், வாயில் கொண்டையூசி. ஐந்தாவதில் வயிறு தெரிந்தது. போதும் என்று கமராவை நோக்கி நீட்டிய கை ஆறாவதில்.

ஒன்றைக்கூட லக்சாயினி முன்பு பார்த்ததில்லை. வீட்டு அல்பங்களில் எதுவும் இல்லை.

"அம்மா, இதுகளை அப்பா பிறிண்ட் போடேல்லையோ?"

அம்மா எட்டிப் பார்த்தாள். "இதுகளையோ? இது சும்மா பிலிம் முடிக்க அடிச்சது."

லக்சாயினி திரையைப் பார்த்தாள். அந்த அறையில் சுவர் இருந்தது. கதிரை இருந்தது. ஜன்னலுக்கு வெளியே ஸ்னோ இருந்தது. பிலிம் முடிக்க அவை போதும். அவள் அடுத்த துண்டை வைத்தாள்.

"பிள்ளை, 'ஈடுசெய்ய முடியாத இழப்பு' எண்டு போடுவமோ, 'ஈடிணையற்ற இழப்பு' எண்டு போடுவமோ?" என்று வரவேற்பறையிலிருந்து குரல் வந்தது.

"இழப்பு எண்டு மட்டும் போடுங்கோ, மாமா."

மூன்றே கால் தாண்டி ஒன்பதாவது துண்டு. கடைசிப் படத்துக்குக் கமராவை நெட்டுக்குத்தாகப் பிடித்திருக்கிறார்கள். அது திரையில் சரிந்து கிடந்தபடி, கால் இருந்த பக்கத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விரிந்தது. லக்சாயினி கழுத்தைச் சாய்த்துக்கொண்டாள். வீட்டுச் செருப்பு. கறுப்புக் காற்சட்டை. பெல்ட். வெள்ளைச் சேட்டு.

"இதுதான்! இதுதான், பிள்ளை!" அம்மா அவளுடைய தோளைப் பிடித்தாள். ஈரக் கை.

மணிக்கூடு கட்டிய இடது கை, எங்கே வைப்பதென்று தெரியாமல் வயிற்றருகே நின்றது. எத்தனை மாப்பிள்ளைகளுக்குக் கையை எங்கே வைப்பதென்று சொல்லிக்கொடுத்தவர். சேட்டின் மூன்றாவது பொத்தான். இரண்டாவது. கொலர்.

கொலருக்குப் பிறகு பிலிம் இல்லை. முப்பத்தேழாவது படத்துக்கு முழு இடம் மிச்சம் இருக்கவில்லை.

ஸ்கேனரின் சத்தம் நின்றது. லக்சாயினி படத்தை நிமிர்த்திப் பார்த்தாள். பெரிதாக்கினாள். சுருக்கினாள். கழுத்துக்கு மேல் ஒன்றும் வரவில்லை.

அம்மா கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்து மறுபடி போட்டாள். கதிரையை இழுத்துத் திரைக்கு முன்னால் இருந்தாள். கொலரின் மேல் விளிம்பை, பிலிம் முடிகிற அந்த இடத்தை, வெகு நேரம் பார்த்தாள்.

"சிரிச்சவர்" என்றாள்.

"பிள்ளை, நாலாகப் போகுது!" என்றார் தலைவர்.

மூன்று ஐம்பதுக்கு ஓர்லிகோனுக்குப் போனது பெர்மிட் அட்டைப் படம். ஒளிக்கலைச் செம்மல் குகநாதன் ரயில் நிலையத்துத் தானியங்கிப் படப்பெட்டிக்குள் திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டுத் தனியாக இருந்து எடுத்தது. பெர்மிட் படத்தில் சிரிக்க விடமாட்டார்கள்.