வேதா பற்றவைத்த கேட்

கிரிவல மலையை ஒட்டிய வேங்கிக்காலில் புதிதாக எழுந்த தெரு ஒன்றில், சுற்றுச்சுவர் எழும்பி, வண்ணமும் பூசப்பட்டு, வாயிலில் மட்டும் கேட் இல்லாமல் நின்றது வேதாவின் வீடு. கேட் இல்லாத வீடு பௌர்ணமிதோறும் பொதுச்சொத்தாகிவிடும் என்பதைக் குடிவந்த முதல் மாதத்திலேயே அவள் தெரிந்துகொண்டாள். கிரிவலத்துக்கு வந்தவர்கள் உள்ளே காரை நிறுத்தினார்கள். குழாயைத் திறந்து கால் கழுவினார்கள். ஒரு குடும்பம் போர்ட்டிகோவில் பாய் விரித்துப் புளிச்சோறு தின்று, தூங்கி எழுந்து, புறப்படும்போது அவளுடைய மாமியார் பாஞ்சாலையிடம், "அடுத்த மாசமும் எடம் கெடைக்குமாம்மா?" என்று முன்பதிவு செய்யப் பார்த்தது.

பாஞ்சாலை இதைச் சிரித்துக்கொண்டே தன் மூத்த மகனிடம் தொலைபேசியில் சொன்னாள். சொல்லியிருக்க வேண்டியதில்லை.

மூத்த மகன் திருமலை கீழ்பென்னாத்தூரில் நெல்லும் மணிலாக் கடலையும் பயிரிடுபவர். இளைய மகன், அதாவது வேதாவின் கணவன், இறந்தபின்பு பாஞ்சாலை மருமகளோடு தங்கிவிட்டதை அவர் ஒப்புக்கொண்டதே இல்லை. தாய்ப்பாசம் ஒரு காரணமாக இருக்கலாம். அவர் கொட்டகையில் மாடுகள் பெருகியதும் சாணம் அள்ள ஆள் அமையாததும் வேறு காரணங்கள்.

மறுநாளே வந்து நின்றார். "சித்ரா பௌர்ணமிக்குள்ள கேட்டு வெக்கலன்னா, வேன் எடுத்துக்கினு வந்து எங்கம்மாவ அழச்சிக்கினு போயிடுவேன். தெறந்த வீட்ல ரெண்டு பொம்பளைங்க. நாளைக்கு ஒண்ணுன்னா ஊரு என்னத்தானே கேக்கும்?"

அவர் போனபின்பு பாஞ்சாலை மருமகளைப் பார்த்தாள். "எனக்கு அங்க போவ இஷ்டமில்ல வேதா. மாட்டாண்ட எழுந்து மாட்டாண்டையே படுக்கணும். ஆனா அவன் வந்து நின்னான்னா, வரமாட்டேன்னு சொல்ல எனக்கு வாய் வராது. எப்படியாவது கேட்ட வெச்சிடு."

வேதா ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளர். வேலையை முறைப்படி ஒப்படைத்துவிட்டு முறைப்படி நினைவூட்டுவது அவளுக்குப் பழக்கம். கேட்டுக்கு அளவெடுத்துச் சென்ற வெல்டர் காசியின் பட்டறைக்கு நேரில் போனாள். காசி தலையைச் சொறிந்தான்.

"பண்ணிடலாம் மேடம். ஆனா உங்க வீட்டுப் பெரியவரு போன் பண்ணாரு. பௌர்ணமி கழிச்சிக் குடுத்தாப் போதும், அவசரமில்லன்னாரு."

"கேட் யாருக்கு?"

"உங்களுக்குத்தான். இருந்தாலும் வீட்ல ஆம்பள ஒருத்தரு சொல்றாருன்னா…"

வேதா பட்டறையை விட்டு வெளியே வந்து, வெயிலில் நின்று, கெடு வைத்தவரே கேட்டையும் நிறுத்திவைத்திருக்கிறார் என்பதை மனத்துக்குள் ஒருமுறை பிழையின்றிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிறகு போளூர் சாலையிலிருந்த இரும்புச் சாமான் கடைக்குப் போய், கல்லாவுக்குப் பக்கத்தில் நின்ற சிந்துஜாவிடம், வீட்டில் வைத்துக்கொள்ளும்படியான வெல்டிங் மெஷின் ஒன்று வேண்டும் என்றாள்.

சிந்துஜா ஐடிஐயில் வெல்டர் படிப்பை முடித்தவள். ராணிப்பேட்டைத் தொழிற்சாலை ஒன்றில் சில காலம் பற்றவைத்துவிட்டு, இப்போது இந்தக் கடையில் சாமான் விற்கிறாள். வேதாவோடு ஒரே பேருந்தில் வருபவள். குரல் மட்டும் இன்னும் தொழிற்சாலையிலேயே இருந்தது.

"யாருக்குக்கா?"

"எனக்கு."

"ஐயோ, சூப்பர்க்கா! அப்ப நான் சொல்றத வாங்கு. நீ கேக்கறத வாங்காத."

இன்வெர்ட்டர் வகை வெல்டிங் மெஷின் ஒன்றைத் தூக்கி மேசைமேல் வைத்தாள்; டிபன் கேரியரைவிடச் சற்றே பெரியது. வேதா கறுப்புக் கண்ணாடி ஒன்றை எடுத்துப் பார்த்தாள்.

"அத வெச்சிடு. அது மாட்டிக்கினு பைக்ல போலாம். கண்ணு மட்டுமா வேவும்? மூஞ்சி, கழுத்து எல்லாம் வெந்துபோயிடும். முழு மூடிதான். கைக்குத் தோல் க்ளவுஸ், காலுக்குத் தோல் ஷூ. அப்புறம் உடுப்பு. நைட்டியோட உக்காந்துடாதக்கா. நைலான்னா உருகி உடம்புல ஒட்டிக்கும். பருத்திச் சட்ட, முழுக்கை, மேல் பட்டன் வரைக்கும் போடு."

"சித்திரையிலா?"

"சித்திரைன்னு நெருப்பு லீவு போடுமா?"

இரும்பு விஷயத்திலும் சிந்துஜா விட்டுக்கொடுக்கவில்லை. மெல்லிய சதுரக் குழாய் அழகாக இருக்கும். கற்றுக்குட்டியின் கையில் சல்லடையாகிவிடும். ஆகவே கனமான எல் வடிவ ஆங்கிளும் தட்டையான பட்டை இரும்பும். பற்றவைக்க உருக்கும் ராடுகளை ஈரம் படாமல் மூடிவைக்க வேண்டும். வேலை செய்யுமிடத்தில் ஒரு வாளி மணல் இருக்க வேண்டும். "இன்னொண்ணு. கேட்டோட முழு பாரத்தையும் நீ வெக்கற வெல்டுல தொங்கவிடாத. கீல் ரெண்டையும் போல்ட்டு போட்டு முடுக்கு. உன் வெல்டு மேல உனக்கே நம்பிக்க வர்றதுக்கு இன்னும் நாளாவும்."

மெஷின் வீட்டுக்கு வந்த அன்று பாஞ்சாலை அதை மணையில் வைத்து, பொட்டிட்டு, பூச்சூட்டி, கற்பூரம் காட்டினாள். அதுவரை வேதாவுக்கு மறுப்பில்லை. செம்பில் மஞ்சள்நீரோடு அவள் மெஷினின் காற்றுத்துளைகளை நோக்கிக் குனிந்தபோதுதான் வேதா பாய்ந்து செம்பைப் பிடுங்கினாள்.

"அத்த! உள்ள கரண்டு போற எடம்!"

"புது சாமான்மா. தெளிக்காம எப்டி?"

"என் மேல தெளிங்க."

பாஞ்சாலை சற்றும் தயங்காமல் மருமகளின் தலைமேல் தெளித்தாள். உடுப்பு நனைந்ததால் அன்று பழகுவது தள்ளிப்போயிற்று. காலையில் வாசல் தெளித்த ஈரம் காயும்வரை மெஷினைத் தொடக்கூடாது என்பதும் அன்றே வீட்டுச் சட்டமாயிற்று.

முதல் முயற்சிகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ராடு இரும்பில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. வந்தபோது இரும்பில் குழி விழுந்தது. ஓட்டை விழாத இடத்தில் கோழி எச்சம்போல் திட்டுத்திட்டாக உலோகம் படிந்தது. வேதா ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து, உடைந்ததை மீண்டும் செய்தாள். பற்றவைத்த கோடு நேராக வந்த அன்று யாரிடமும் சொல்லவில்லை. அந்தத் துண்டை மட்டும் மேசைமேல் வைத்துக்கொண்டாள்.

தெருவுக்குச் செய்தி போய்விட்டது. பால் வாங்கப் போனவர்கள் போர்ட்டிகோவுக்கு எதிரே நின்றார்கள். எதிர்வீட்டு முருகையன் ஓய்வுபெற்ற நடத்துநர். பயணிகளைக் கேலிசெய்த நாக்கு ஓய்வு பெறவில்லை.

"இன்னாம்மா, ஆபீசுல சம்பளம் கம்மியா? பட்டற வெச்சிட்ட?"

பாஞ்சாலைக்குப் பொறுக்கவில்லை. மருமகள் காக்கிச் சட்டையும் ஷூவுமாகக் குந்தியிருப்பதை ஊர் பார்க்க வேண்டாம் என்று போர்ட்டிகோவின் மூன்று பக்கமும் நெல் மூடும் தார்ப்பாயை இழுத்துக் கட்டினாள். கூடவே, கொல்லையில் கிடந்த போர்வெல் குழாய்களையும் கொண்டுவந்து போட்டாள். "நடுக்கம்பிக்கு இது போதுமே. எதுக்கு வேற வாங்கற? இரும்பு இரும்புதானே."

வெள்ளிபோல் மின்னிய குழாய்கள். வேதாவும் இரும்பு இரும்புதான் என்றே எண்ணினாள். தார்ப்பாய் மறைப்புக்குள் உட்கார்ந்து அவற்றைப் பற்றவைத்தபோது, வழக்கத்துக்கு மாறான வெண்புகை எழுந்து, போக வழியின்றி அவளைச் சுற்றியே நின்றது. நாக்கில் ஓர் இனிப்பு தட்டியது. வேலை வேகமாக நடந்த மகிழ்ச்சியில் அதைப் பொருட்படுத்தவில்லை.

விளக்கு வைக்கும் வேளையில் உடம்பு நடுங்கத் தொடங்கியது. போர்வை மேல் போர்வை போர்த்தியும் பல் கிட்டிற்று, மார்பு இறுகிற்று. மருத்துவர் மார்பைச் சோதித்து, துத்தநாகப் புகையால் வந்த காய்ச்சல், ஓரிரு நாளில் இறங்கிவிடும், மூச்சு திணறினால் உடனே வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். பாஞ்சாலை பால் புகையை முறிக்கும் என்று காய்ச்சிக் கொடுத்துக் குடிக்கச் சொல்லி நின்றாள்.

செய்தி கேட்டு வந்த சிந்துஜா, நோயாளியைப் பார்க்குமுன் போர்ட்டிகோவைப் பார்த்தாள்.

"யாருக்கா கட்டுனது இந்தப் பந்தல?"

"நான்தாம்மா" என்றாள் பாஞ்சாலை. "நாலு பேரு பாக்கறானுங்களேன்னு…"

"நாலு பேரு பாத்தா செத்தா போயிடுவாங்க? இந்தப் புகைக்குள்ள உக்காந்தாத்தான் சாவாங்க. பிளாஸ்டிக் வேற. ஒரு பொறி பட்டா மொத்தமா எரியும். அந்தக் குழாய் ஜி.ஐ.க்கா. துத்தநாகம் பூசினது. சூடு பட்டா அதான் புகையா வரும். உனக்கு வேண்டாம், தூக்கிப் போடு. பாலு நல்லதுதான், குடி. ஆனா பாலு புகைய வெளிய கொண்டாராது."

காய்ச்சல் செய்தி கீழ்பென்னாத்தூரையும் எட்டியது. போனில் திருமலையின் குரலில் கவலையைவிட நிறைவே மிகுந்திருந்தது. "கேள்விப்பட்டேன். போதும்மா. எங்கம்மாவையும் சேத்துப் படுக்க வெச்சிடாத. துணிமணிய எடுத்து வெக்கச் சொல்லு."

"எடுத்து வெக்கமாட்டாங்க மாமா" என்று சொல்லி வேதா போனை வைத்தாள்.

உடம்பு தேறியதும் அவள் செய்த முதல் வேலை, தார்ப்பாயின் முடிச்சுகளை அவிழ்த்ததுதான். அவிழ வராதவற்றை அறுத்தாள். போர்வெல் குழாய்களைப் பற்றவைத்த இடங்களோடு வெட்டியெடுத்துப் பழைய இரும்புக்காரனிடம் போட்டாள். வேலையைப் போர்ட்டிகோவிலிருந்து காற்றோடும் முன்முற்றத்துக்கு மாற்றினாள். வெளிச்சம் தெருவில் போகிறவர்களின் கண்ணில் படாதிருக்க நெஞ்சளவு தகரத் தடுப்பு ஒன்றை மட்டும் வைத்தாள். குந்தினால் தடுப்புக்குள்; எழுந்தால் காக்கிச் சட்டையும் முகமூடியுமாகத் தெருவுக்கு நன்றாகத் தெரிவாள். தெரியட்டும் என்றே அடிக்கடி எழுந்தாள்.

"மறுபடியுமா?" என்றார் முருகையன்.

"மறுபடியும்தான். நின்னு பாக்கறதுன்னா தடுப்புக்கு அந்தப் பக்கமா நில்லுங்க."

பாஞ்சாலை நாற்காலி ஒன்றை வாசலில் போட்டு, மணல் வாளியைக் காலருகே வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நின்று பார்த்தவர்களை அவள் திரும்பிப் பார்த்தாள். பலரும் நகர்ந்துவிட்டார்கள்.

சித்ரா பௌர்ணமியன்று பிற்பகலில் வேன் வந்தது. தூண்களுக்கிடையே இரட்டைக் கேட் நின்றிருந்தது. வண்ணம் பூசவில்லை. பற்றவைத்த இடங்கள் புடைத்தும் வளைந்தும் இருந்தன. அழகு என்று யாரும் சொல்லமாட்டார்கள். திருமலை இறங்கி, இரு கைகளாலும் கம்பிகளைப் பிடித்து உலுக்கினார். ஒரு பக்கத்தைத் தூக்கிப் பார்த்தார். செருப்புக் காலால் ஓர் உதை கொடுத்தார். கேட் அதிர்ந்து அடங்கியது.

"தாழ்ப்பா எங்க?" என்றார், கடைசியில். "தாழ்ப்பா இல்லாதது ஒரு கேட்டா? ம்மா, பைய எடுத்துக்கினு வா."

உள்ளே நின்ற பாஞ்சாலையின் கை முந்தானையைத் திருகியது.

"தாழ்ப்பாளத்தான் வெக்கப் போறேன்" என்றாள் வேதா. மெஷினை இயக்கி, தாழ்ப்பாளைக் கம்பியோடு கவ்வியால் இறுக்கினாள். மூடியைத் தலையில் கவிழ்க்குமுன் நிமிர்ந்தாள். "மாமா, அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க."

"எதுக்கு?"

"வெளிச்சம் பட்டா ராத்திரிக்கு மண்ணள்ளிக் கொட்னாப்ல கண்ணு எரியும்."

"எனக்கு ஒண்ணும் ஆவாது. நீ வெய்யி, நான் பாக்கறேன்."

"நீங்க திரும்பினாத்தான் வெப்பேன்."

"யாருகிட்ட சொல்ற? என்ன மூஞ்சியத் திருப்பச் சொல்றியா?"

"உங்க மேல எனக்கு எவ்ளோ கோவம் இருந்தாலும், உங்க கண்ண நான் கெடுக்கமாட்டேன். காசிக்குப் போன் பண்ணி வேலைய நிறுத்துனது நீங்கன்னு தெரிஞ்சுதான் சொல்றேன். திரும்புங்க."

திருமலை அசையவில்லை. வேன் ஓட்டுநர் எப்போதோ திரும்பிவிட்டிருந்தான். எதிர்வீட்டில் முருகையனும் திரும்பி நின்றிருந்தார். பாஞ்சாலை முதலில் காசியின் பெயரைப் புரிந்துகொள்ளாதவளாய் வேதாவைப் பார்த்தாள். பிறகு மகனைப் பார்த்தாள்.

"நீயாடா நிறுத்துன?"

திருமலை கேட்டின் கீலைப் பார்த்தார்.

"திரும்புடா" என்றாள் பாஞ்சாலை.

மகனிடம் அவள் அப்படிப் பேசி எத்தனையோ காலமாகியிருந்தது. திருமலை தாயை வெறித்தார். பின்பு மெல்ல, தெருவையும் அதற்கப்பால் மலையையும் நோக்கித் திரும்பி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். பாஞ்சாலையும் வீட்டுப்பக்கம் திரும்பிக்கொண்டாள். வேதா மூடியைக் கவிழ்த்துப் பற்றவைத்தாள். அவசரப்படவில்லை. ஒரு பக்கம் முடிந்ததும் நிறுத்தி, கசடைத் தட்டி, பார்த்து, மறுபக்கத்தைத் தொடங்கினாள். அவ்வளவு நேரமும் அவர் முதுகு காட்டியே நின்றார்.

"ஆச்சு" என்று மெஷினை அணைத்தாள். "தொடாதீங்க. சூடு."

பாஞ்சாலை அவளிடமிருந்து தோல் க்ளவுஸ் ஒன்றைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டாள். கேட்டின் இரு பக்கங்களையும் சேர்த்து, தாழ்ப்பாளைத் தள்ளினாள். அது சிறிது முரண்டு பிடித்தது; இன்னும் அழுத்தித் தள்ளினாள். மகன் வெளியே நின்றார்.

"ம்மா, இன்னா பண்ற? தெற."

"தெறக்கறேன். காபி குடிக்க வர்றதுன்னா தெறக்கறேன். அழச்சிக்கினு போவன்னா இப்டியே போயிடு. நான் வரல."

திருமலை கம்பிகளுக்கிடையே தாயைப் பார்த்தார். க்ளவுஸ் மாட்டிய அந்தக் கையைப் பார்த்தார். கிரிவலத்துக்கு வந்த கூட்டம் அவர் முதுகுப்புறமாகப் போய்க்கொண்டிருந்தது.

இன்ஜினை ஓடவிட்டபடியே காத்திருந்த ஓட்டுநர் தலையை நீட்டினான். "அண்ணே, ஆஃப் பண்ணட்டுமா?"

"பண்ணு" என்றார் திருமலை.