ஒன்றுக்கு நாற்பது

மனைவி கப்பலேறி நான்காவது மாதம், அவளுடைய கப்பலைக் கணினியில் கட்ட ஆரம்பித்தான் அவன். அவள் சரக்குக் கப்பலில் எஞ்சினியர். அவன் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன். பொம்மைக் கட்டைகளைத் திரையிலேயே அடுக்கும் மென்பொருள் ஒன்று இலவசமாகக் கிடைத்தது. கையால் தொட முடியாத கட்டைகள்தான். ஆனால் எடுக்க எடுக்கத் தீராது.

முதல் கப்பலை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், குத்துமதிப்பாகக் கட்டி முடித்தான். வீட்டில் அவனைத் தவிர மாமியார் மட்டும்தான். கையில் ஈரத்துணியோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன மாப்ளே, சோப்பு டப்பாவா?"

"உங்க பொண்ணோட கப்பல், அத்தை."

"அப்படியா? இதுல அவ எங்க இருக்கா?"

அவன் திரையில் தேடிப் பார்த்தான். அந்தக் கப்பலில் கட்டையின் தலைமேல் இருக்கும் குமிழ் ஒன்றுதான் ஒரு ஆள் அளவு. அவளை வைத்தாலும் கடுகளவு புள்ளியாகத்தான் இருப்பாள்.

கடையில் அரை மில்லிமீட்டர் பிசகினால் அடுத்தவருக்குத் தலைவலி வரும் என்று தெரிந்தவன், கட்டிய பெண்டாட்டியின் கப்பலைக் கண்ணளவில் கட்டிவிட்டோமே என்று வெட்கப்பட்டான். எல்லாவற்றையும் அழித்தான். இந்த முறை கப்பலிலிருந்து தொடங்கவில்லை, அவளிலிருந்து தொடங்கினான். மென்பொருளில் இருந்த ஆள் பொம்மை நான்கு சென்டிமீட்டர் உயரம். அவள் நூற்று அறுபது. ஆக, ஒன்றுக்கு நாற்பது. நூற்றுத் தொண்ணூறு மீட்டர் கப்பல் நாலேமுக்கால் மீட்டராகச் சுருங்கியது. குமிழ்களை வரிசையாக எண்ணினால் நீளம் ஏறக்குறைய அறுநூறு. பாதி அடிப்பகுதி கட்டுவதற்குள்ளேயே கணினிக்கு மூச்சு முட்டியது. முழுக் கப்பல் ஆசையை விட்டுவிட்டு, ஆட்கள் தங்கும் பின்பகுதியை மட்டும் கட்டுவது என்று முடிவு செய்தான்.

அதற்கு அளவுகள் வேண்டும். கப்பல் கரையை ஒட்டி வரும்போதெல்லாம் அவள் போன் செய்வாள். முன்பெல்லாம் "சாப்டியா", "சாப்ட்டேன்", "அம்மா எப்படி" என்பதோடு பேச்சு வற்றிவிடும். இப்போது அவள் டேப்பை இழுக்கும் சத்தம் அவனுக்குக் கேட்டது.

"கதவு அகலம் எழுபது சென்டிமீட்டர். எழுதிக்கிட்டியா?"

"எழுதிட்டேன். ஆனா உன் பொம்மை உள்ள போகாது. உயரத்துக்குக் கணக்கு சரி, தோள் இடிக்குது."

"நான் அவ்ளோ குண்டாவா ஆயிட்டேன்?"

"பொம்மைய செஞ்சவனைத் திட்டு. என்னை விடு."

அவள் சிரித்தாள். கதவை மட்டும் ஒரு குமிழ் அகலப்படுத்துவது என்று இருவரும் சேர்ந்து தீர்மானித்தார்கள். கட்டில், அலமாரி, மேசை என்று ஒவ்வொன்றாக ஏறியது. ஜன்னலுக்கு வந்தார்கள்.

"ஜன்னலுக்கு நேரா என்ன இருக்கு?"

அவள் டேப்பைச் சுருட்டும் சத்தம் கேட்டது. "கிரேன் தூண்."

"அப்ப கடல்?"

"கட்டில்ல இருந்து தெரியாது."

படுத்தபடியே கடலைப் பார்த்துக்கொண்டு தூங்கிவிட்டேன் என்று எத்தனையோ முறை சொன்னவள் அவள். அந்த நினைப்பை வைத்துத்தான் இத்தனை நாளும் அவன் மனதைத் தேற்றிக்கொண்டிருந்தான்.

"ஏன் சொல்லலை?"

"சொன்னா என்ன பண்ணுவே? அங்க உக்காந்துக்கிட்டு கிரேனை நகத்துவியா?"

திரையில் அது முடியும். போனை வைத்ததும் தூணை எட்டுக் குமிழ் தள்ளி வைத்தான். ஜன்னலில் நீலம் விரிந்தது. பொம்மையைக் கட்டிலில் உட்காரவைத்துப் படமெடுத்து அனுப்பினான். இரண்டு நாள் கழித்து, கடையில் இருக்கும்போது அவளுடைய குரல்பதிவு வந்தது.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா பழையபடி வெச்சிடு. நீயாவது நான் இருக்கிற எடத்தைச் சரியா தெரிஞ்சு வெச்சுக்கோ."

தேய்த்துக்கொண்டிருந்த லென்ஸைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு முறை கேட்டான். மாலையில் தூணைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தான்.

அடுத்த மாதம், மாற்று ஆள் வராததால் அவளுக்குக் கப்பல் வேலை இன்னும் இரண்டு மாதம் நீண்டுவிட்டது. போனில் அதைச் சொன்னாள் அவள். பிறகு, "நம்ம வீட்டையும் அதே அளவுல கட்டேன். கப்பல் பக்கத்துல வெச்சுப் பாக்கணும்" என்றாள்.

வீடு ஒரே மத்தியானத்தில் முடிந்துவிட்டது. நீளம் இருபத்தெட்டுக் குமிழ், அவ்வளவுதான். போன் வந்தபோது மாமியாரும் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அதே கணக்குல, வீட்டுக்கும் கப்பலுக்கும் நடுவுல எவ்ளோ எடம் விடணும்?" என்றாள் அவள்.

அவன் காகிதத்தில் நாற்பதால் வகுத்தான். இப்போது ஆறாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருந்தாள். "நூத்தம்பது கிலோமீட்டர்."

"அவ்ளோதானா?" மாமியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "காலையில பஸ் ஏறினா மத்தியானம் அவ கூட உக்காந்து சாப்பிடலாமே மாப்ளே!"

மறுமுனையில் அவள் சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு பாதியிலேயே வேறாக மாறுவது கேட்டது. மாமியார் போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார்.

திரையில் வீட்டையும் கப்பலையும் ஒட்டினாற்போல் வைத்தான் அவன். நடுவில் ஒரு குமிழ் இடம்கூட விடவில்லை. தெரிந்தே ஒரு அளவைத் தப்பாக வைத்தான்; இந்த முறை அதைத் திருத்தவில்லை.