படித்தால் தீரும் நோய்கள்

வைட்டமின் சி பாடத்தைத் திறந்த மறுநாள் காலை சிம்ராவுக்கு ஈறுகளிலிருந்து ரத்தம் வந்தது; பாடம் மனப்பாடமானதும் நின்றது. வெளிநாட்டில் மருத்துவம் படித்துத் திரும்பி, இங்கே மருத்துவராவதற்கான தகுதித் தேர்வில் இரண்டு முறை தோற்றவள் அவள். மூன்றாம் முறை படிக்க உட்கார்ந்தபோதுதான் இது ஆரம்பித்தது. வைட்டமின் ஏ படித்த வாரம், பொழுது சாய்ந்ததும் கண் தெரியாமல் தேனாம்பேட்டை வீட்டுக் கதவில் முட்டிக்கொண்டாள். பி1 படித்தபோது கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை; தி.நகர் பயிற்சி மையத்துக்கு வெறுங்காலோடு ஆட்டோவில் போய்வந்தாள். எந்த மாத்திரைக்கும் அசையாத நோய், பாடம் பிடிபட்டதும் போய்விடும். பாதியில் புத்தகத்தை மூடினால் உடம்பிலேயே தங்கிவிடும்.

பாண்டி பஜாரில் துணிக்கடை வைத்திருந்த அப்பா வலியுல்லாவுக்கு இது பொறுக்கவில்லை. "போதும்மா, டாக்டர் ஆவறதுக்குள்ள பேஷன்ட் ஆயிடுவ" என்று சொல்லி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டாரை வரச்சொன்னார். அன்று நயாசின் என்னும் வைட்டமின் பி3 பாடம் பாதியில் இருந்தது. சிம்ராவின் கழுத்தைச் சுற்றி, அட்டிகை போட்டாற்போல் தோல் கருஞ்சிவப்பாக வெடித்திருந்தது. அம்மா வஜீஹா துப்பட்டாவால் அதை மறைத்துவிட்டாள். சிம்ரா துப்பட்டாவைத் தளர்த்திக்கொண்டு புத்தகத்தோடு கூடத்துக்கு வந்தாள்.

மாப்பிள்ளையின் தாய் டீயைக் கீழே வைத்தார். "இன்னாம்மா அது, கழுத்துல?"

"பெலாக்ரா, ஆன்ட்டி. பி3 கொறைஞ்சா வர்ற தோல் நோய். படிச்சு முடிச்சா போய்டும்."

"படிப்ப நிறுத்திட்டா?"

"கழுத்துலயே நின்னுக்கும். ஆனா நான் நிறுத்தறதா இல்ல."

அவர்கள் சமோசாவைத் தொடாமல் எழுந்துபோனார்கள். சிம்ரா அங்கேயே தரையில் உட்கார்ந்து, எதிர்வீட்டுக்கும் கேட்கும்படி சத்தமாகப் படித்தாள். சாயங்கால அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்வதற்குள் கழுத்து சுத்தமாகிவிட்டது.

பிறகு வைட்டமின் டி எலும்பை வளைத்தது. கே சின்னக் கீறலின் ரத்தத்தைக்கூட உறையவிடவில்லை. எல்லாவற்றையும் படித்தே விரட்டினாள். பி12 மட்டும் பிடிபடுவதற்குள் தேர்வு வந்துவிட்டது. பாதம் மரத்துப்போனவளை வலியுல்லாவே தாங்கிப் பிடித்துத் தேர்வுக்கூட வாசலில் விட்டார். பி12 கேள்வி திரையில் வந்ததும் சிம்ரா கண்ணை மூடி யோசித்தாள். அத்தனை நாளும் நழுவிய விஷயம் அப்போது பிடிபட்டது. விடையை அழுத்தினாள், தரையின் குளிர்ச்சி பாதத்தில் ஏறியது. மகள் தானாக நடந்து வெளியே வருவதைப் பார்த்த வலியுல்லா, முடிவுக்குக் காத்திராமல் அந்தத் தெருவிலேயே மிட்டாய் வாங்கினார்.

இப்போது அவள் அடையாறில் ஒரு மருத்துவமனையில் டாக்டர். போன வாரம் மேல்படிப்புக்குப் புத்தகம் வாங்கிவந்தாள். முதல் அத்தியாயம் காய்ச்சல்கள். வஜீஹா அதைப் புரட்டிப் பார்த்தாள்.

"எத்தினி நாளாவும்டி?"

"ஒரு வாரம், அம்மி."

வஜீஹா கஞ்சிக்கு அரிசி களையப் போனாள்.