சமையலறை வழியாகப் போகும் பேருந்து

பாலம் கட்டி முடிவதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே ஊர்க்காரர்கள் அதன்மேல் நடக்கத் தொடங்கிவிட்டார்கள். நகராட்சியின் வரைபடப் பிரிவில் பதினான்கு ஆண்டுகளாக வேலை பார்த்துவந்த பெண் ஒரு புதன்கிழமை மதியம் ஆற்றின் குறுக்கே பென்சிலால் ஒரு கோடு போட்டு, ஓரத்தில் கையெழுத்தும் போட்டாள். மறுநாள் விடிந்ததும் பால்காரர் ஒருவர் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு, தண்ணீருக்கு மேல் முப்பது அடி உயரத்தில், ஒன்றுமே இல்லாத இடத்தில் தாண்டித் தாண்டி அக்கரைக்குப் போய்க்கொண்டிருந்தார். தாண்டியதற்குக் காரணம் இருந்தது. திட்ட நிலையில் இருக்கும் எதையும் விட்டுவிட்டுப் போகும் கோடாகத்தான் வரைய வேண்டும், பணம் சேர்ந்த பிறகுதான் முழுக்கோடு என்பது அந்தப் பிரிவின் விதி. அவள் கோட்டுத் துண்டுகளுக்கு நடுவே இரண்டு மில்லிமீட்டர் இடம் விட்டிருந்தாள். வரைபடத்தின் அளவில் அது ஒரு மீட்டர். ஆகவே ஊரே ஒரு மீட்டர் தாண்டியது. தாண்ட முடியாதவர்கள் வழக்கம்போல் படகுக்குக் காத்திருந்தார்கள்.

அக்கரை அப்போது அசுர வேகத்தில் வளர்ந்துகொண்டிருந்தது. பத்து வருடம் முன்பு செங்கல்சூளைகளும் முள்ளுக்காடுமாக இருந்த இடத்தில் நாற்பதாயிரம் பேர் குடியேறியிருந்தார்கள். பெரிய ஆஸ்பத்திரியும் அங்கேதான் வந்தது. இருந்த ஒரே பாலமோ இருபது கிலோமீட்டர் சுற்று. புதுப் பாலத்துக்கு ஆகும் செலவில் மூன்றில் இரண்டு பங்கை அரசு தருவதாகச் சொன்னது, மீதியை நகரம் தானே திரட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு. நகராட்சி ஆணையர் வார்டு வார்டாகக் கூட்டம் போட்டார். பாலத்தால் யாருடைய மனையின் மதிப்பு ஏறுமோ அவர்கள் சதுர அடிக்கு இவ்வளவு என்று கட்டுவது, தூரம் கூடக் கூடத் தொகை குறைவது என்று முடிவானது. எந்த ஊரிலும் இப்படி ஒரு தீர்மானம் வந்தால் அடிதடி நடக்கும். இங்கே மூன்று கூட்டத்தில் முடிந்தது. நகராட்சியின் வெளிச்சுவரில் பெயின்டர் ஒருவர் வெள்ளிக்கிழமைதோறும் ஏணி போட்டு ஏறி, நகரத்தின் பங்கில் எத்தனை சதவீதம் சேர்ந்தது என்று எழுதிவிட்டுப் போவார். ஒரு சதவீதம் ஏறினால் பாலத்தின் ஒவ்வொரு இடைவெளியும் ஒரு சென்டிமீட்டர் குறைந்தது. முதலில் இதைக் கண்டுபிடித்தவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள். அவர்கள்தான் ஸ்கேல் வைத்திருந்தார்கள்.

பணம் கட்ட மாட்டேன் என்று நின்றவர் சூளை முதலாளி ஒருவர்தான். பில் கலெக்டர் அவரை மடக்கிப் பிடித்தபோது இருவரும் ஆற்றின் நட்டநடுவில் இருந்தார்கள்.

"எந்தப் பாலத்துக்குய்யா வரி? இன்னும் கட்டவே இல்லையே" என்றார் முதலாளி.

"சரிங்க. அப்ப எதுமேல நின்னு பேசிட்டிருக்கீங்க?" என்றார் பில் கலெக்டர்.

முதலாளி கீழே ஓடிய தண்ணீரைப் பார்த்தார். பையிலிருந்து செக் புத்தகத்தை எடுத்தார். அந்த வாரம் சுவரில் இரண்டு சதவீதம் ஏறியது.

அறுபத்தொன்றாம் சதவீதத்தில் இடைவெளி நாற்பது சென்டிமீட்டருக்குக் கீழே வந்தது. பேருந்துச் சக்கரம் ஒரு குலுக்கலோடு கடந்துவிடும் அளவு அது. ஏழாம் எண் பேருந்து ஓடத் தொடங்கியது. வரைபடக்காரியின் வீட்டுக்குச் சோதனை வந்ததும் அப்போதுதான். பாலம் இக்கரையில் இறங்கும் இடம் அவளுடைய சமையலறை. கோடு போட்ட நாளிலேயே அது அவளுக்குத் தெரியும். ஆற்றுக்கு அடியில் பாறை அந்த ஒரு நேர்க்கோட்டில்தான் இருந்தது, இரண்டு பக்கமும் களிமண். அதனால் வாயைத் திறக்காமல் கோட்டைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். இப்போது தினமும் காலை ஆறு நாற்பதுக்கு ஏழாம் எண் தெருப்பக்கத்துச் சுவர் வழியாக உள்ளே வந்து, அடுப்பை ஒட்டி நகர்ந்து, பின்கதவு வழியாக ஆற்றின் மேல் ஏறியது. சுவரில் கீறல்கூட விழவில்லை. ஒப்புதல் வராத திட்டத்துக்கு எதையும் இடிக்கும் அதிகாரம் கிடையாது. ஆனால் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் காலை மடக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. தண்ணீர் மீட்டர் கணக்கெடுக்கும் வேலையிலிருந்த அவள் கணவன் ஒரு வாரத்தில் பழகிவிட்டான். பேருந்து வரும் சத்தம் கேட்டால் தட்டையும் காலையும் ஒன்றாக இழுத்துக்கொள்வான்.

பழகாதவர் மாமியார். டெலிபோன் எக்சேஞ்சில் முப்பது வருடம் இருந்தவர். குரலை உயர்த்தாமலே அடுத்த தெருவுக்குக் கேட்கும்படி பேசுவார். அந்த வீடு அவருடைய ஓய்வுப் பணத்திலும் மகனுடைய கடனிலும் எழுந்தது. பின்கதவு மட்டும் தேக்கு. அதற்காக அவர் மூன்று மரக்கடை ஏறி இறங்கியிருந்தார். பாலம் உண்மையாகவே வரும் நாளில் வீடு போய்விடும், நஷ்டஈடு வரும், கதவு பழைய சாமான்காரனுக்குப் போகும் என்பதெல்லாம் அவருக்குப் புரிந்துவிட்டது.

"ஏம்மா, கோடு போட்டது நீதானே. கொஞ்சம் வளைச்சுப் போட்டா கையா ஒடிஞ்சிடும்?" என்றார் ஒருநாள்.

"பக்கத்துல களிமண் அத்தை. தூண் ஆழமாப் போகும், செலவு ஏறும்."

"ஏறட்டும். ஊரே கட்டுது, இன்னும் கொஞ்சம் கட்டட்டும். எனக்கு இருக்கிறது ஒரு வீடு."

மருமகளுக்கும் இருந்தது அந்த ஒரு வீடுதான். இரண்டு மாதம் தள்ளிப்போட்டாள். கடைசியில் ஒரு சாயங்காலம், எல்லோரும் கிளம்பிப் போன பிறகு, அவள் புதுத் தாளை விரித்தாள். அந்தப் பிரிவில் அழிப்பான் வைத்துக்கொள்ள யாருக்கும் அனுமதி இல்லை. ஒரு கோட்டை மாற்ற வேண்டுமென்றால் முழுப் படத்தையும் புதிதாக வரைந்து, திருத்தத்துக்கான காரணம் என்ற கட்டத்தை நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டும். அவள் கோட்டைப் பதினாறு மில்லிமீட்டர் வளைத்தாள். காரணக் கட்டத்தில் 'தொழில்நுட்பம்' என்று ஒரே ஒரு வார்த்தை எழுதினாள்.

மறுநாள் காலை பாலம் எட்டு மீட்டர் தள்ளி, பக்கத்து வீட்டு முடிதிருத்துபவரின் கூடத்தில் இறங்கியது. அவர் பாதி சோப்பு போட்ட வாடிக்கையாளரோடு ஓரமாக ஒதுங்கி நின்று வழிவிட்டார். கூடுதல் செலவு எவ்வளவு என்று மதிப்பீட்டுக் குமாஸ்தா கணக்குப் போட்டு முடிக்க மூன்று நாளாகும். பாலம் விடிவதற்குள் போட்டு முடித்திருந்தது. அரசின் பங்கு ஏற்கெனவே எழுதி முடிந்துவிட்டதால் ஏறிய தொகை முழுவதும் நகரத்தின் தலையில் விழுந்தது. அறுபத்தாறு சதவீதம் ஐம்பத்தேழாக இறங்கியது. முப்பத்துநான்கு சென்டிமீட்டர் இருந்த இடைவெளி நாற்பத்துமூன்றாக விரிந்தது. ஏழாம் எண், முடிதிருத்துபவரின் கொல்லையைத் தாண்டியதும் முதல் இடைவெளியில் முன்சக்கரம் இறங்கி நின்றுவிட்டது.

மாமியார் பின்கதவைத் திறந்து பார்த்தார். வீடு தப்பித்த சந்தோஷத்தில் ஒரு கூஜா டீயை எடுத்துக்கொண்டு பேருந்துக்குள் ஏறினார். மூன்றாவது இருக்கையில் மெயின் ரோட்டுத் தையல்காரர் உட்கார்ந்திருந்தார். செருப்பு நுழையாத அளவுக்குக் கால் இரண்டும் வீங்கியிருந்தன. செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் அக்கரை ஆஸ்பத்திரியில் மெஷினில் ரத்தம் சுத்தம் செய்துகொள்கிறவர் அவர். அன்று செவ்வாய். டீயை வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

"தண்ணி அளவாத்தான் குடிக்கணும்மா. பரவால்ல, பஸ்ஸு போகாட்டி வெள்ளிக்கிழமை பாத்துக்கலாம்" என்றார்.

வெள்ளிக்கிழமை வரை தாங்காது என்பது அவர் முகத்தைப் பார்த்த யாருக்கும் தெரியும். படகு கிளம்ப இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. மாமியார் கூஜாவை நடத்துனர் கையில் கொடுத்துவிட்டு இறங்கி வீட்டுக்கு வந்தார். மகன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"எந்திரி. பின்கதவைக் கழட்டு" என்றார்.

"எதுக்கும்மா?"

"கழட்டுன்னா கழட்டு."

அம்மாவும் மகனும் முடிதிருத்துபவருமாகத் தேக்குக் கதவைத் தூக்கிக்கொண்டு போய், பேருந்தைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, இடைவெளியின் மேல் போட்டார்கள். பயணிகள் இறங்கிப் பின்னால் இருந்து தள்ள, சக்கரம் கதவின் மேல் ஏறி இறங்கியது. அடுத்த இடைவெளிக்குக் கதவை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். இப்படியே நாற்பத்தொரு இடைவெளிகள். அறுபத்துமூன்று வயதில் மாமியார் ஒரு முனையை விடவே இல்லை. தையல்காரர் ஒன்பதரை மணிக்கு மெஷினில் படுத்தார்.

வரைபடக்காரி இதையெல்லாம் கொல்லையில் நின்று பார்த்தாள். யாரும் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை, கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்த மாமியார் கதவில்லாத நிலைக்காலில் சாய்ந்து மூச்சு வாங்கினார்.

"கோட்டை நேராவே போட்டுடும்மா" என்றார்.

அன்று மதியமே போட்டாள். காரணக் கட்டத்தில், 'முந்தைய திருத்தத்துக்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் இல்லை. வரைந்தவரின் வீடு பாதையில் இருக்கிறது' என்று எழுதித் தலைமைப் பொறியாளரின் மேஜையில் வைத்தாள். வேலை போகும் என்று நினைத்து டப்பாவையும் குடையையும் கையோடு கொண்டுபோயிருந்தாள். அவர் இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படித்தார்.

"கையெழுத்து கோணலா இருக்கு. கொஞ்சம் தெளிவா போட்டுக் குடுங்க" என்றார்.

அவள் போட்ட இரண்டாவது கையெழுத்தும் கோணல்தான், அவர் அதை வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டார். விஷயம் எப்படியோ ஊருக்குள் பரவியது. இங்கேதான் இந்த ஊரை மெச்ச வேண்டும். ஆட்சேபம் சொல்ல முப்பது நாள் கொடுத்தார்கள், ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதற்குப் பதிலாகத் தவணை பாக்கி வைத்திருந்தவர்கள் வரிசையில் வந்து நின்று கட்டினார்கள். முடிதிருத்துபவர் தொலைவுக் கணக்குப்படி தனக்கு வந்ததைவிட இரண்டு மடங்கு கட்டினார், கேட்டதற்குக் கூடத்தைத் திருப்பிக் கொடுத்ததற்கு என்றார். பதினான்கு மாதத்தில் பெயின்டர் சுவரில் நூறு என்று எழுதிவிட்டு ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். இடைவெளிகள் மூடிக்கொண்டன. அவள் பேனாவில் மை ஊற்றி முழுக்கோடு போட்டாள். அதன்பின் கான்கிரீட்காரர்கள் வந்தார்கள். பேருந்துகள் மேலே ஓடிக்கொண்டிருக்கும்போதே அதற்குக் கீழே தூண்களை நட்டு, கோட்டை எட்டிப் பிடித்தார்கள். அன்றிலிருந்து பாலத்திலேயே கிடந்த தேக்குக் கதவை என்ன செய்வது என்று ஒப்பந்தக்காரர் கேட்டார். அது இருக்கட்டும் என்றார் பொறியாளர். முதல் தூணுக்கு மேலே தாருக்கு அடியில் இன்றும் இருக்கிறது. அந்த இடத்தில் மட்டும் சக்கரத்தின் சத்தம் மாறும்.

வீட்டை இடித்தார்கள். நஷ்டஈட்டில் குடும்பம் அக்கரையில் இரண்டாம் மாடியில் ஒரு வீடு வாங்கியது. இடித்த அன்று மருமகள் அழுதாள், மாமியார் அழவில்லை. ஆனால் வரைபடத்தில், அகற்றப்படும் கட்டடத்தையும் விட்டுவிட்டுப் போகும் கோடாகத்தான் காட்ட வேண்டும். வரப்போவதற்கும் போகப்போவதற்கும் அந்தப் பிரிவில் ஒரே கோடு. அவள் தன் வீட்டை அப்படித்தான் வரைந்திருந்தாள், கையெழுத்தும் போட்டிருந்தாள். அழிப்பானோ யாரிடமும் இல்லை. ஆகவே வீடு சாலையின் மேல் அங்கேயே இருக்கிறது. சுவர்களில் இடைவெளி உண்டு, காற்று தாராளமாக வரும். மாமியார் தினமும் காலையில் அக்கரையிலிருந்து வரும் முதல் பேருந்தில் ஏறி, சமையலறையில் இறங்கி, அடுப்பைப் பற்றவைக்கிறார். அது நிறுத்தம் இல்லை, இருந்தாலும் நடத்துனர் விசில் கொடுக்கிறார். ஆறு நாற்பதுக்கு இக்கரையிலிருந்து ஏழாம் எண் வருகிறது, செவ்வாயும் வெள்ளியும் மூன்றாவது இருக்கையில் தையல்காரரோடு. அந்த இடம் நெருங்கியதும், அடுப்புப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்கள் பாத்திரத்தைத் தட்டிவிடாமல் காலை மடக்கிக்கொள்கிறார்கள்.