பாபியுக் ஏரி: நெட்டி அடித்தது போக மீதி

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. பக்கத்து வீட்டு நெட்டி பாபியுக் பெரோகி என்ற உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை மடித்துக்கொண்டிருந்தபோது, அவர் சமையலறையில் உட்கார்ந்து கேட்டு வாங்கியது. அவருடைய அண்ணன் ஓரெஸ்ட், குண்டுவீச்சு விமானத்தின் வாலில் உட்கார்ந்து சுடுகிற வேலைக்குப் போய் இருபது வயதில் செத்துப்போனவன். நான் இப்படி ஆரம்பித்தேன்:

"1944 மார்ச் மாத இரவொன்றில், ஜெர்மனிக்கு மேலே தீப்பிடித்த அந்த விமானம்—"

நெட்டி பூதக்கண்ணாடி வைத்துப் படித்தார். மாவுக் கையாலேயே பென்சிலை எடுத்து அடித்தார்.

"மொத வரியிலயே கொன்னுட்டியே தம்பி. இருபது வருசம் இருந்தான் அவன். நீ கடைசி நாலு நிமிசத்தப் புடிச்சித் தொங்குற."

(அவர் பேசுவது ஆங்கிலம், என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். முப்பது வருடமாக என் காதில் அது 'தம்பி' என்றே விழுகிறது. திருத்த மாட்டேன்.)

2

சரி, உயிரோடு ஆரம்பிக்கிறேன்.

ஓரெஸ்டுக்கு நீச்சல் தெரியாது. இடுப்பளவு குட்டைக்கே நடுங்குவான். ஆனாலும் தங்கை நெட்டியின் கன்றுக்குட்டி சேற்றில் சிக்கியபோது கண்ணை இறுக மூடிக்கொண்டு இறங்கி, கட்டிப்பிடித்து இழுத்து வந்தான். போருக்குப் பிறகு எங்கள் மாகாண அரசு, திரும்பி வராத பையன்களின் பெயரை வடக்கே இருக்கும் ஏரிகளுக்கு வைத்தது. ஓரெஸ்டுக்கும் ஒன்று கிடைத்தது.

"தண்ணியக் கண்டா ஓடுறவனுக்கு ஏரி. நல்லா விசாரிச்சிருக்காங்க," என்றார் நெட்டி.

அந்த ஏரிக்குச் சாலை கிடையாது. தண்ணீரில் இறங்கும் சின்ன விமானத்தில்தான் போக வேண்டும். அண்ணன் செத்ததிலிருந்து அறுபத்திரண்டு வருடமாக நெட்டி விமானத்தின் பக்கமே போனதில்லை. இப்போது கண் மங்கிக்கொண்டு வருகிறது. பார்க்க வேண்டியதையெல்லாம் பனி விழுவதற்குள் பார்த்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

3

இங்கே ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். ஓரெஸ்டின் கடிதம் என்று நானே இரண்டு வரி எழுதியிருந்தேன்: "வாலில் திரும்பி உட்கார்ந்திருக்கிறேன். போகிற இடம் எனக்குத் தெரியாது. விட்டு வந்த இடம்தான் தெரியும்."

"இது யாரு எழுதுனது?"

"ஓரெஸ்ட் எழுதின மாதிரி..."

"அவனா? காலுறை கேட்டு எழுதுவான். நாய்க்குச் சோறு வச்சியான்னு எழுதுவான்.* இவ்வளவு அழகாப் பேசுறவனா இருந்தா எங்கம்மா அவனப் பாதிரியாராக்கியிருப்பா."

இந்த முறை அழுத்தி அடித்தார். எனக்கு அந்த வரி பிடிக்கும். இருந்தாலும், அவரைவிட அவர் அண்ணனை அதிகம் தெரிந்தவன் மாதிரி நடந்துகொண்டது தப்புதான்.

* நாயின் பெயர் சிர்கோ. ஓரெஸ்ட் போன பிறகும் ஒன்பது வருடம் இருந்தது. நெட்டி ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை.

4

முடிவுகள் இரண்டு எழுதினேன்.

(அ) நெட்டி விமானத்தில் ஏறுகிறார். ஏரி தெரிகிறது. அழுகிறார்.

(ஆ) நெட்டி விமானம் கிளம்பும் படகுத்துறையிலிருந்தே திரும்பிவிடுகிறார். காரில் அழுகிறார்.

"ரெண்டுலயும் என்னைய அழ வைக்கிற. உனக்கு வேற வேல தெரியாதா?"

5

ஜூலை, காலை பத்து மணி. லா ரோஞ்ச் படகுத்துறை. விமானி கர்டிஸ் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருக்கிறான். நெட்டியின் கைப்பையிலிருந்து கம்பளிக் காலுறை எட்டிப் பார்க்கிறது. (இதை நான் புனையவில்லை.)

"திரும்பி உக்கார எடம் இருக்காப்பா? வால் பக்கமாப் பாத்து?"

"இல்லம்மா. எல்லாமே முன்னால பாத்துதான்."

நான் எழுதி அவர் அடித்த வரி, அவருக்கு மனப்பாடமாகியிருக்கிறது. நான் நோட்டைத் திறந்து எழுதினேன்: "நெட்டி ஒரு காலை விமானத்தின் மிதவையில் வைத்து, மறு காலை—"

"தம்பி, எழுதுனது போதும். கையக் குடு."

ஏறுவதற்கா, திரும்புவதற்கா என்று அவர் சொல்லவில்லை. கனத்த உடம்பு அவருக்கு. என் இரண்டு கையும் வேண்டும். பேனாவை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள். அவரை அழ மட்டும் வைக்காதீர்கள்.