'அசைபோடு' என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு

1

இந்தக் கதை ஒரு சொல்லிலிருந்து வந்தது. அதுவும் சம்பளத்துக்கு எழுதிய சொல். 2003இல் மதுரையில் ஓர் அகராதிக் குழுவில் இருந்தேன். 'அசைபோடு' என் பங்குக்கு வந்தது. 'மாடு, விழுங்கிய இரையை வாய்க்குத் திரும்பக் கொண்டுவந்து மெல்லுதல். அதிலிருந்து, ஒன்றை மனத்துக்குள் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்தல்.' பொருள் சரி, எடுத்துக்காட்டு வாக்கியம் வேண்டும் என்றார் பதிப்பாசிரியர் பட்டாபிராமன். விளாங்குடியில் எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றும் முத்துத்தாயின் தொழுவத்துக்குப் போனேன்.

2

முதல் தொடக்கம்: சாயங்கால வெயிலில் செவலைப் பசு கண்களை மூடி, உலகத்தையே மறந்து…

(பொய். அடித்துவிட்டேன். அழிக்கவில்லை, நீங்களும் பாருங்கள்.)

அது மூன்று நாளாக அசைபோடவில்லை. இடப்பக்க வயிறு பானையாக உப்பியிருந்தது. மாட்டு டாக்டர் வயிற்றைக் கீறிக் கையை விட்டார். பாலித்தீன் பைகள். முடிச்சுப் போட்டவை, உள்ளே சோறு அழுகியவை. ஒரு சாக்கு நிரம்பியது. இவை அடைத்துக்கொண்டால் இரை வாய்க்குத் திரும்பாது என்றார். மறுநாள் மதியம் பசு செத்தது.

3

முந்தைய வரைவில் முத்துத்தாயை அழவைத்திருந்தேன். (ஏழைப் பெண் அழுதால் கதை நன்றாக உட்காரும்.) உண்மையில் அவர் அழவில்லை. சாக்கைத் தூக்கிக்கொண்டு எங்கள் தெருவுக்கு வந்து, வீட்டுக்கு ஒரு கை அள்ளி வாசலில் கொட்டினார். சிலர் கதவைச் சாத்தினார்கள். ஒருவர் போலீசைக் கூப்பிடுவதாகச் சொன்னார். முத்துத்தாய் எங்கள் வாசலில் நின்று, அன்றைக்கு எதற்காகத் தொழுவத்துக்கு வந்தேன் என்று கேட்டார். சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

“நீங்க ரோசிக்கிறதுக்கு எம் மாட்டு வாயில இருந்து ஒரு சொல்ல எடுத்துக்கிட்டீக. அது வாயில நீங்க என்னத்தப் போட்டீக, அக்கா?”

நானும் மிச்சச் சோற்றைப் பையில் முடிச்சுப் போட்டுத் தெருமுக்கில் எறிகிறவள்தான். கொட்டியதில் எது என்னுடையது என்று பார்த்தேன். முடிச்சுகள் எல்லாம் ஒன்றுபோல இருந்தன.

4

'முத்துத்தாயின் பசு அசைபோடவில்லை' என்று எழுதிக் கொடுத்தேன். எதிர்மறை வாக்கியத்தில் பொருள் விளங்காது என்று பட்டாபிராமன் மாற்றிவிட்டார். 'அவர் பழைய நினைவுகளை இனிமையாக அசைபோட்டார்' என்று அச்சாகியிருக்கிறது. யார் அந்த அவர்? அவர் வீட்டுக் குப்பை எங்கே போயிற்று?

5

முடிவுகள்: (அ) தெருவே திருந்தியது. (ஆ) முத்துத்தாய் என்னை மன்னித்தார். (இ) நான் அன்றிலிருந்து துணிப்பை…

மூன்றையும் எழுத மாட்டேன். உங்களை ஆறுதலாகத் தூங்கவைக்க நான் உட்காரவில்லை. முத்துத்தாய் எங்கள் தெருவுக்கு வருவதை நிறுத்திவிட்டார். நாங்கள் பாக்கெட் பாலுக்கு மாறினோம். அது பாலித்தீனில் வருகிறது. இன்று காலையும் ஒன்றை வெட்டி ஊற்றினேன். காலிப் பை இன்னும் கையில் இருக்கிறது. உங்கள் வீட்டிலும் ஒன்று இருந்திருக்கும். அதை எங்கே போட்டீர்கள்? அங்கே போய் இந்தக் கதையை முடித்துக்கொள்ளுங்கள்.